எண்ணெய் முகமும் எட்டு மணி நேர மேக்கப்பும்

"டிப்ளமோ படிக்கிற நமக்கு ஆண்டு மலரில் எழுத எத்தனையோ விஷயம் இருக்க, மேக்கப் பற்றியா எழுதப் போறே?" என்று மலர்க் குழுவிலேயே ஒரு தோழர் கேட்டார். அப்படிக் கேட்ட தோழரின் மூக்கு நுனி ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்துக் கொண்டிருந்தது என்பதை இங்கே பணிவோடு தெரிவித்துக் கொள்கிறேன்!

நான் கெமிக்கல் மூன்றாம் ஆண்டு. ஆண்டு விழா, ஃபேர்வெல், கேம்பஸ் இன்டர்வியூ என்று எது வந்தாலும் எங்கள் ஹாஸ்டலில் என் அறை வாசலில்தான் செருப்புகள் கூடும். வருகிற முகங்களில் பாதிக்கு மேல் எண்ணெய் வழியும் முகங்கள். "இவ மூஞ்சில அப்பளம் பொரிக்கலாம்" என்ற பழைய ஜோக்கைக் கேட்டுக் கேட்டு நொந்து போனவர்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, நல்ல பிராண்ட் எது?" பிராண்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. மேக்கப் கலைவது பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் எண்ணெயால். இல்லாவிட்டால் அளவுக்கு மேல் அப்பியதால். இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டிச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தலையிலும் முகத்திலும்தான் இவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதிலும் நெற்றி, மூக்கு, தாடை மூன்றும்தான் முக்கிய உற்பத்தி நிலையங்கள். சீபம் என்று சொல்லப்படும் அந்த எண்ணெயில் டிரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் எல்லாம் கலந்திருக்கும். தோல் வறண்டு வெடிக்காமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன். பருவ வயதில் அது கூடுகிறது. அதனால்தான் நம் வயதில் இவ்வளவு வழிகிறது. ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகமாகவே சுரக்கும். ஆகவே தோழர்களே, பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள்!

எண்ணெய் வழிந்தால் முகம் அழுக்கு, சுத்தம் பற்றாது என்று நினைப்பது தவறு. ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டாலும் சுரப்பி நிற்காது, அது ஹார்மோன் சொல்வதைக் கேட்குமே தவிர சோப்பு சொல்வதைக் கேட்காது. குளியல் சோப்பின் பி.எச். 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். தோலின் பி.எச். சுமார் 5. ஓயாமல் சோப்புப் போட்டால் மேல்தோல் வறண்டு எரியும். அடியிலிருந்து எண்ணெயும் வந்துகொண்டே இருக்கும். வறட்சியும் எண்ணெயும் ஒரே முகத்தில்! இந்த முகத்தில் பவுண்டேஷன் போட்டால் ஒரு பக்கம் செதில் செதிலாக நிற்கும், இன்னொரு பக்கம் வழுக்கும். காலையும் இரவும் இரண்டு தடவை, வியர்த்துக் கொட்டினால் மூன்றாவது தடவை, காரம் இல்லாத மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவினால் போதும்.

உங்கள் முகம் எந்த வகை என்று தெரியவில்லையா? செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முகத்தைக் கழுவி ஒற்றித் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் பூசாமல் விடுங்கள். பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று தனித்தனியாக ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாத் துண்டிலும் எண்ணெய்க் கறை இருந்தால் முழு எண்ணெய் முகம். கன்னத்துத் துண்டு மட்டும் காய்ந்திருந்தால் கலப்பு முகம். நம்மில் நிறையப் பேர் இந்த இரண்டாவது ரகம்தான். தெரியாமல் கன்னத்துக்கும் சேர்த்து எண்ணெய் வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் பாருங்கள்: அந்த எண்ணெயில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு தேங்காய் எண்ணெய்? காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு வருகிறோம். வொர்க்ஷாப் சூட்டில் பத்து மணிக்குள் அது நெற்றியில் இறங்கிவிடுகிறது. நெற்றியோரம் முடிக்கரையை ஒட்டி மட்டும் வரிசையாகச் சின்னப் பருக்கள் வருகிறதென்றால் முதலில் தலை எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை, பாட்டி சண்டைக்கு வருவார்! இரவில் வைத்து, காலையில் அலசிவிட்டு வாங்க.

இப்போது மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருவோம். இரும்புத் தகட்டுக்கு பெயின்ட் அடிக்கும் முன் என்ன செய்வீர்கள்? கிரீஸைத் துடைத்து, எமரி போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காயவிட்டு, பிறகுதான் மெல்லிய கோட் ஒன்று. கிரீஸ் மேலேயே அடித்த பெயின்ட் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கும் வரிசை இதேதான், எமரி மட்டும் வேண்டாம்! ஸ்க்ரப் என்று சொல்லிக்கொண்டு சர்க்கரையையும் வால்நட் தோலையும் போட்டுத் தேய்ப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கழுவிய முகத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே ஜெல் வகை மாய்ஸ்சரைசர் கொஞ்சம். "எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதுக்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோலுக்கு வேண்டியது தண்ணீர். கிளிசரின் மாதிரிப் பொருட்கள் அதைப் பிடித்து வைக்கும். எண்ணெய் அந்த வேலையை முழுதாகச் செய்யாது. அடுத்து எஸ்.பி.எஃப். 30 உள்ள ஜெல் சன்ஸ்கிரீன். பத்து நிமிஷம் காயட்டும், அவசரப்படக் கூடாது. பிறகு பிரைமர், கையில் இருந்தால் மட்டும், மூக்கிலும் நெற்றியிலும். அதில் இருப்பது பெரும்பாலும் டைமெத்திகோன் என்ற சிலிகோன். குழிகளை நிரவி வழவழப்பாக்கும். இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும் என்பது உண்மை. அது ஒரு வகைக் களிமண். அந்தக் காலத்தில் ஆட்டுக் கம்பளியின் பிசுக்கை எடுக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். சமையல் எண்ணெய் ஆலைகளில் எண்ணெயின் நிறம் போக்குவதும் இதே ரக மண்தான். கெமிக்கல் தோழர்களுக்கு அட்சார்ப்ஷன் பாடம் ஞாபகம் வரும். வாரம் ஒரு தடவை, முழுதாகக் காய்ந்து முகம் இழுப்பதற்கு முன்பே கழுவிவிட்டால் நல்லது. பயத்தம் மாவும் அப்படித்தான். ஆனால் எலுமிச்சம்பழச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் பி.எச். 2 பக்கம், பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பருவுக்கு டூத்பேஸ்ட் வைப்பதும் இந்த ரகம்தான்.

சரி, பவுண்டேஷன். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. நாடக மேடையில் பழைய காலத்தில் பூசியது கிரீஸ் பெயின்ட். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த குச்சி. சினிமாவில் டெக்னிகலர் வந்தபோது பெரிய விளக்குகளின் வெளிச்சத்தில் அது மினுமினுத்துக் காட்டிக் கொடுத்தது. அதற்காகத்தான் மாக்ஸ் ஃபாக்டர் 1930களின் கடைசியில் பான்கேக் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். பில்லையாக இருக்கும், ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூச வேண்டும், காய்ந்தால் மினுக்கு இருக்காது. நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோ இந்தப் பான்கேக்கை லாரி லாரியாக வாங்கியதைப் பற்றி, அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். எண்ணெய் முகத்துக்குத் தேர்வு செய்யும் விதி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது: எண்ணெயைக் குறை, தண்ணீர் பக்கம் போ.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானதில் தொடங்கி எழுதியிருப்பார்கள். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரினோ டைமெத்திகோனோ என்று இருந்தால் நமக்கு ஆகும். மேல் வரிசையிலேயே தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், லானோலின், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்று வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 'ஆயில் ஃப்ரீ', 'மேட்' என்ற சொற்கள் ஓரளவு உதவும். 'நான்-காமெடோஜெனிக்' என்றும் போட்டிருக்கும். துளையை அடைத்துப் பரு உண்டாக்காது என்று அர்த்தம். மேக்கப்பே பருவை உண்டாக்கலாம் என்பதை 1972ல் அமெரிக்காவில் கிளிக்மன், மில்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். எந்தப் பொருள் அடைக்கும் என்று முயல் காதில் பூசிப் பார்த்தார்கள். முயல் காது நம் கன்னம் இல்லையே! அந்தச் சொல்லைப் போட எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே சோதனையும் கிடையாது. ஆகவே புதுப் பொருள் எதையும் தாடையோரம் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகம் முழுக்கப் போட வேண்டும். ஆண்டு விழா அன்றைக்குக் காலையில் முதல் தடவையாக டப்பாவைத் திறப்பது வேண்டாத விபரீதம்.

அடுத்து நிறம். உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ பார்க்கக் கூடாது. தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் மூன்று ஷேடைக் கோடு போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். எந்தக் கோடு மறைகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்ணெயோடு கலந்ததும் சில பவுண்டேஷன்கள் ஒரு படி கறுக்கும். இதைச் சாக்காக வைத்து, "ரெண்டு ஷேடு வெள்ளையாவே வாங்கிட்டா சரியாப் போயிடும்" என்று கடைக்காரரே சொல்வார். நம்பாதீர்கள். மாநிறத்துக்கு மேல் வெள்ளை அப்பினால் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். ஃபோட்டோவில் தலை ஒருவருடையது, கழுத்து இன்னொருவருடையது மாதிரி இருக்கும்.

இந்த வெள்ளை ஆசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஜூனியர் என் அறைக்கு வந்தாள். கன்னம் இரண்டும் செக்கச் செவேல் என்றிருந்தது. பொடிப் பருக்கள். மேலுதட்டில் புதிதாக மெல்லிய முடி. "அக்கா, டான்ஸ் அன்னிக்கு ஒரு கோட் சேர்த்துப் போட்டு மறைச்சுடுங்க" என்றாள். என்ன பூசுறே என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் காட்டினாள். பருவுக்கும் நிறத்துக்கும் நல்லது என்று தோழி ஒருத்தி சொன்னாளாம். ஒரு மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்களாம். எட்டு மாதமாகப் பூசுகிறாள். முதல் இரண்டு வாரம் முகம் 'பளிச்' என்று இருந்தது என்றாள். ட்யூபைத் திருப்பினேன். பீட்டாமெத்தசோன். பக்கத்தில் சிவப்புக் கோடு.

அது ஸ்டீராய்டு. தோல் டாக்டர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நாள் வரை எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இன்னும் கூடும். பயந்துபோய்த் திரும்பவும் அதையே பூசுவோம். போதை மாதிரிதான். இது நாடு முழுக்க உள்ள பிரச்சினை என்பதால் 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்! ஆகவே நாமே பார்க்க வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன்: இந்தப் பெயர்களை டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் இதில் ஒன்று இருந்தால் அது மேக்கப் சாமான் இல்லை.

பெயர் தெரியாத, சேர்மானம் அச்சிடாத வெளுப்பு க்ரீம்கள் இதைவிட மோசம். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் இந்த மாதிரி க்ரீம் பூசியவர்கள் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பூசியது கன்னத்தில், பாதிப்பு சிறுநீரகத்தில்.

அந்த ஜூனியருக்கு நான் கோட் எதுவும் போடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கிக் கூட்டிப் போனேன். டாக்டர் ட்யூபைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவளைத் திட்டவில்லை. சட்டென்று நிறுத்தாமல், தாம் சொல்கிறபடி படிப்படியாகத்தான் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கன்னம் பழைய நிலைக்கு வர ஏழு மாதம் பிடித்தது. விழா அன்று கண்ணுக்கு மை, நெற்றிக்குப் பொட்டு, அவ்வளவுதான் அவளுக்கு மேக்கப். முன்வரிசையில் நின்றுதான் ஆடினாள்.

மற்றவர்களுக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். பவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவு போதும், முழு முகத்துக்கும்! மூக்கருகில் தொடங்கி வெளிப்பக்கமாக, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும். இழுத்துத் தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். தழும்பு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் கன்சீலரை ஒரு புள்ளி வைத்து விரல் நுனியால் தட்டுங்கள். பிறகு லூஸ் பவுடர். பஃப்பில் எடுத்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு, மூக்கு, நெற்றி, தாடையில் அழுத்தி எடுக்க வேண்டும். கன்னத்துக்குப் பெயருக்குப் போதும். கண்ணுக்குக் கீழே துளி பவுடர் ஒற்றினால் மை கன்னத்துக்கு இறங்காது. ஸ்டிக்கர் பொட்டு கீழே விழுகிறது என்று புலம்புகிறவர்கள் ஒட்டும் இடத்தை முதலில் டிஷ்யூவால் துடையுங்கள். ஒட்டிய இடத்தில் அரிப்போ வெள்ளைத் திட்டோ வந்தால் அந்தப் பசை உங்களுக்கு ஆகவில்லை. உடனே விட்டுவிட வேண்டியதுதான்.

மூன்று மணி நேரம் கழித்து மூக்கு மினுக்கும். கட்டாயம் மினுக்கும், எந்தக் கம்பெனி என்ன விளம்பரம் செய்தாலும். அப்போது எல்லோரும் செய்வது, காம்பாக்ட்டைத் திறந்து மேலே ஒரு பூச்சு. எண்ணெயும் பவுடரும் சேர்ந்தால் மாவு பிசைந்த கதைதான். முதலில் டிஷ்யூவையோ ப்ளாட்டிங் பேப்பரையோ வைத்து அழுத்தி எண்ணெயை எடுங்கள். தேய்க்கக் கூடாது. பிறகு தேவைப்பட்டால் மட்டும் பவுடர். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் நான்காக மடித்த டிஷ்யூ ஒன்று வைத்துக்கொண்டால், காத்திருக்கும் பெஞ்சிலேயே வேலை முடிந்துவிடும். தோழர்களுக்கு ஃபேஸ் வாஷ், சன்ஸ்கிரீன், இந்த டிஷ்யூ மூன்றும் தாராளம்.

கையில் காசு கொஞ்சம்தான் என்றால்? ஹாஸ்டலில் யாருக்குத்தான் அதிகம்! ஃபேஸ் வாஷ் ஒன்று, ஜெல் சன்ஸ்கிரீன் ஒன்று, இரண்டும் வாங்குங்கள். மூன்றாவதாக நிறத்துக்குச் சரியான காம்பாக்ட். பவுண்டேஷனை நான்கு பேர் சேர்ந்து வாங்குவதில் தப்பில்லை, கரண்டியால் எடுத்துக்கொண்டால். ஆனால் ஸ்பாஞ்சும் பஃப்பும் கண் மையும் அவரவருக்குத் தனி. விழா அவசரத்தில் ஒரே ஸ்பாஞ்ச் பன்னிரண்டு முகத்தில் ஏறி இறங்குவதை மேடைக்குப் பின்னால் வருஷா வருஷம் பார்க்கிறேன். மறுவாரம் பாதிப் பேருக்குப் பரு, இரண்டு பேருக்குக் கண்வலி. ஸ்பாஞ்சை ஃபேஸ் வாஷ் போட்டே அலசி வெயிலில் காய வையுங்கள்.

கடைசியாக, விழா முடிந்த இரவு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூக்கம் சொக்கும். ஆனாலும் மேக்கப்போடு படுக்கக் கூடாது. ஒட்டிய மையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் இரண்டு துளியைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். அதற்குப் பிறகு ஃபேஸ் வாஷ் போட்டு இரண்டு தடவை கழுவி, அந்த எண்ணெயும் முகத்தில் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே தலையணை உறையையும் ஒரு தடவை மோந்து பாருங்கள். செமஸ்டர் தொடங்கியபோது போட்ட உறையே இன்னும் இருந்தால், நாளைக்கே துவைக்கப் போடுங்கள்.